அக்காவின் கல்வெட்டில் பதினோராம் பக்கம்

சண்டிலிப்பாய்
12.02.2023

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு,

இது பெரியப்பா எழுதுகிற கடிதம். வேறு யாரும் எழுதித் தரவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரூரில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நிற்க. மேலே உள்ளதை எழுத ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. பெரியம்மா வந்து எட்டிப் பார்த்து, "என்ன, காணி உறுதியே எழுதிறியள்?" என்று கேட்டாள். போ என்று கையைக் காட்டினேன். எழுதும்போது கதைத்தால் அடுத்த எழுத்து எங்கோ ஓடிவிடுகிறது.

வாசிகசாலையில் முதியோருக்கு வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். மானிப்பாயிலிருந்து நேசமலர் ரீச்சர் சைக்கிளில் வந்து படிப்பிக்கிறார். சின்ன வயதில் ஐயா என்னைப் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க விட்டவர், பள்ளிக்கூடத்துக்கு விட மறந்துபோனார். இப்போது எழுபத்தொரு வயதில் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்துத்தான் ஏறுகிறேன். நேற்று ஒரு பஸ்ஸை வாசித்து முடிக்க முதல் அது போய்விட்டது. அடுத்ததில் வந்தேன். சந்தோஷமாகத்தான் வந்தேன்.

ரெலிபோன் இருக்கிறதே என்று சொல்வாய். ரெலிபோனில் நீ சொல்வது காற்றோடு போய்விடும். கடிதமென்றால் எடுத்து வைத்துத் திரும்பவும் வாசிக்கலாம். ஆகையால் எனக்குக் கடிதமே போடு. கொட்டை எழுத்தில் எழுது.

நீ வந்து, நீ கண்டுபிடித்த தண்ணீரில் முக்கி எங்கள் கொட்டிலில் கட்டிவிட்டுப் போன விதை வெங்காயம் இன்னும் கல்லுப் போல இருக்கிறது. பக்கத்தில் முக்காமல் கட்டிய பிடிகளில் பாதி அழுகி நாறுகிறது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உன்னுடைய பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன்.

உன் மாமி, தங்கமுத்து அக்காவுக்குத்தான் முடியவில்லை. கஞ்சி மட்டும் இறங்குகிறது. உன்னைக் கேட்டாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா தம்பிராசா
(கையெழுத்தும் நானே)


கண்டி
02.03.2023

அன்பான பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். நான் நலமாக இருக்கிறேன். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாமியை நினைத்தால்தான் மனம் ஒரு நிலையில் இல்லை. விடுமுறை கேட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டபடி கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். வெங்காயத்துக்குச் செய்த தண்ணீருக்கு ஆக்கவுரிமை எடுக்கப் பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டது. ஆக்கவுரிமை என்றால், இந்த முறையைக் கண்டுபிடித்தது நாங்கள், எங்களைக் கேட்காமல் வேறு யாரும் இதைச் செய்து விற்க முடியாது என்று அரசாங்கம் எழுதித் தருவது. காணிக்கு உறுதிப் பத்திரம் இருப்பது போல.

இந்தியாவில் ஒரு கொம்பனி இதை வாங்கிச் செய்ய விருப்பம் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு இந்தியாவிலும் இந்த உரிமை கிடைக்க வேண்டும். கிடைத்தால் யாழ்ப்பாணத்தில், எங்கள் கொழும்புத்துறையில் ஒரு வேலைத்தலம் போடுவார்கள். கடற்பாசி அங்கேதானே இருக்கிறது. அதை நடத்த என்னை அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்கிறார். இங்கே என் வேலை இந்த ஆண்டு முடிவு வரைக்கும்தான். எல்லாம் சரிவந்தால் நான் ஊருக்கே வந்துவிடுவேன், பெரியப்பா. தினமும் உங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு.

வழக்கறிஞர் விண்ணப்பம் எழுதி முடிக்க இன்னும் சில மாதம் செல்லும். அதுவரை செய்முறையை வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டாம். கொட்டிலில் நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்தவர், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கும்,
நிவேதனா


சண்டிலிப்பாய்
09.04.2023

அன்புள்ள மகளுக்கு,

செத்தவீட்டுக்கு வந்து போனபோது உனக்குத் தடிமன் பிடித்திருந்தது. இப்போது சுகமா? கொத்தமல்லி அவித்துக் குடி. நாங்கள் இருவரும் ஒருமாதிரி இருக்கிறோம். அக்கா இல்லாத ஊரில் என்னைத் "தம்பி" என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை. எழுபத்தொரு வயதில் திடீரென்று பெரிய மனிதனாகிவிட்டேன்.

நிற்க. ஒரு நல்ல செய்தி சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதும்படி அக்காவின் மகன் வாகீசன் என்னைக் கேட்டிருக்கிறான். கனடாவிலிருந்து வந்து நிற்கிறான் அல்லவா? வாழ்க்கை வரலாறும் பாட்டும் வழக்கம்போல வாத்தியார் ஒருவர் எழுதுகிறார். "தம்பியின் நினைவு" என்று ஒரு பக்கம் எனக்கு. அச்சில் வரப்போகிறது, பிள்ளை! நான் எழுதியது அச்சில்!

"மாமா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றான் வாகீசன்.

"எனக்கு ஏன்ரா ஆள்? கை இருக்கு" என்றேன்.

ரீச்சர் ஒரு புதுப் பேனா தந்தார். என்ன எழுதுகிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீ புத்தகத்தில் பார்.

நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. வெளியாட்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மானிப்பாயில் உரக்கடை வைத்திருக்கும் பிலிப்பு தம்பி கொட்டிலுக்கே வந்து, "அண்ணை, உந்த வெங்காயத்துக்கு என்ன பூசினனீங்கள்?" என்று துளைத்துத் துளைத்துக் கேட்டார். "ஒண்டும் பூசேல்லை. நான் ஒரு பார்வை பார்த்தனான், அழுகப் பயந்திட்டுது" என்று அனுப்பிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பெரியப்பா தம்பிராசா


சண்டிலிப்பாய்
03.05.2023

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

உன் தேகசுகம் எப்படி? அந்தியேட்டிக்கு உனக்கு லீவு கிடைக்காதது எல்லோருக்கும் குறைதான். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. எனக்கோ இரண்டு நாளாகச் சோறு வேண்டியிருக்கவில்லை, சந்தோஷத்தில்.

இத்துடன் அக்காவின் கல்வெட்டு வைத்திருக்கிறேன். முதலில் பதினோராம் பக்கத்தைத் திற. பிறகு மற்றதைப் பார்.

புத்தகம் வழியில் உறையைக் கிழித்துக்கொண்டு விழுந்தாலும் என்று அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் இங்கே எழுதுகிறேன். திரும்ப எழுதுவதும் எனக்கு விருப்பம்தான்.

"எங்கள் வீட்டில் அக்காவும் நானும் கைநாட்டு. அப்படிப்பட்ட வீட்டில் எங்கள் தம்பியின் மகள் நிவேதனா ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்திருக்கிறாள். கொழும்புத்துறைக் கடற்பாசியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, பனங்கள்ளு வினாகிரியில் ஊறவிட வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. கறுப்புத் துணியால் மூடி வெயிலில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வடித்த தண்ணீரில் விதை வெங்காயத்தை முக்கி, நிழலில் உலர்த்திக் கட்டினால் அழுகாது. இதை அக்கா தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்."

வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாய். ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் சனம். கல்வெட்டை நாங்கள் றோட்டால் போகிறவனுக்குக் கொடுப்பதில்லையே. எங்கள் சனத்துக்கு உன் பெருமை தெரியாமல் இருக்கலாமா? சாப்பிட்டு முடித்ததும் பந்தியிலேயே நாலைந்து பேர் அந்தப் பக்கத்தை வாசித்தார்கள். வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள்! பெரியம்மா மட்டும், "செத்தவவைப் பற்றி எழுதச் சொன்னால் வெங்காயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அவளும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

புத்தகத்தை முகர்ந்து பார். மை வாசம் இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா தம்பிராசா


கண்டி
11.05.2023

அன்பான பெரியப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கடிதமும் மாமியின் கல்வெட்டும் கிடைத்தன.

எத்தனை பிரதி அச்சடித்தார்கள்? யார் யாரிடம் போயிருக்கிறது? வீட்டில் மிச்சம் இருப்பதையெல்லாம் எனக்கு அனுப்ப முடியுமா? கொடுத்தவர்களிடமும் திருப்பிக் கேட்டுப் பார்க்க முடியுமா? கொஞ்சம் அவசரம், பெரியப்பா.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

நிவேதனா


சண்டிலிப்பாய்
30.05.2023

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கால் மட்டும் உளைகிறது. அதன் காரணத்தைக் கீழே வாசி.

நீ ரெலிபோனிலும் இதையே கேட்டாய். எழுத்தில் பதில் தருகிறேன் என்று வைத்துவிட்டேன், கோபிக்காதே. உனக்கு இத்தனை பிரதி வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே சைக்கிளை எடுத்தேன்.

கல்வெட்டைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். பெரியம்மாவின் தங்கை வீட்டில், "குடுத்த கல்வெட்டை வாங்க வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன். செத்தவ திரும்பி எழும்பி வந்திட்டாவோ?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்ரை எழுத்துக்குக் கண்டியிலை கிராக்கி" என்றேன். சிலர் தந்தார்கள். சிலர் சாமியறையில் வைத்துவிட்டோம், எடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு வீட்டில் அதன்மேல் கறிச்சட்டி இருந்தது. அதையும் துடைத்து எடுத்து வந்தேன். கிடைத்தவற்றைப் பொதியாகக் கட்டி அனுப்புகிறேன். வாகீசன் ஒரு பை நிறையக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கேயுள்ள சனத்துக்குக் கொடுத்து முடிந்ததாம்.

ஆனால் நீ கவலைப்படாதே. அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்த கனிசியஸைத் தெரியும்தானே? அவர் இப்போது ஊர் ஊராகக் கல்வெட்டுகளைச் சேர்த்துப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறார். யார் யாருக்குப் பிறந்தார், எங்கே கட்டினார் என்று பின்னால் தேடுபவர்களுக்கு உதவுமாம். அக்காவுடையதை அந்தியேட்டி முடிந்த கையோடு போட்டுவிட்டார்.

"இனி உங்கடை எழுத்தை உலகத்திலை எந்த மூலையிலை இருந்தும் வாசிக்கலாம் அண்ணை" என்றார்.

"காசு கட்டவேணுமோ?"

"சல்லிக்காசும் வேண்டாம். ஆரும் வாசிக்கலாம்."

அவருடைய கணனியில் என் பக்கத்தைக் காட்டினார். வெளிச்சத்துக்குள் என் பெயர் நின்றது. நான் எழுந்து நின்று பார்த்தேன். ஆகவே பிரதிகள் போதாவிட்டாலும் உன் ஆட்கள் அதில் வாசிக்கலாம்.

ஆசிகளுடன்,
பெரியப்பா தம்பிராசா


கண்டி
21.08.2023

அன்பான பெரியப்பா, பெரியம்மா இருவருக்கும்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. மன்னியுங்கள். நலமாக இருக்கிறேன். இங்கே ஓயாத மழை. அங்கே வெயில் எப்படி?

நீங்கள் அனுப்பிய பொதி வந்தது. அந்தச் சைக்கிளில் இவ்வளவு தூரம் அலைந்திருக்க வேண்டாம். பதினோராம் பக்கத்தைப் பல தடவை வாசித்தேன். ஒரு பிழையும் இல்லாமல், விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பவர் அப்படியே செய்துவிடலாம்.

விண்ணப்பம் போட்டாயிற்று. சொல்ல வேண்டியதையெல்லாம் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். செய்முறை வெளியே தெரிந்த பிறகும் விண்ணப்பம் போட இங்கே எங்கள் சட்டத்தில் கொஞ்சம் தவணை உண்டு. இந்தியாவில் எப்படி என்று கொம்பனியின் வழக்கறிஞர்கள் பார்க்கிறார்கள். இதைப் போல ஒன்று உலகத்தில் வேறெங்கும் முன்பே வெளிவந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். அது அவர்கள் வழக்கம்.

வகுப்பில் இப்போது என்ன பாடம்?

அன்புடன்,
நிவேதனா


சண்டிலிப்பாய்
15.09.2023

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் அடுப்படியில் நின்று பெரியம்மாவுக்கு உரத்து வாசித்தேன். இப்போது நிறுத்தாமல் வாசிக்கிறேன், தெரியுமா? மூச்சு வாங்க மட்டும் நிறுத்துகிறேன். இருவரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது மற்றக் காலுக்கு மாறியிருக்கிறது.

தேடட்டும் பிள்ளை, நன்றாகத் தேடட்டும். உன்னைத் தவிர வேறு யார் இதைச் செய்திருக்கிறார்கள்? தேடிக் களைத்துப்போய் உனக்கே தருவார்கள்.

போன கிழமை கொழும்புத்துறைக்குப் போனேன். கரையோரமாக நடந்து வேலைத்தலத்துக்கு எந்த இடம் நல்லது என்று பார்த்தேன். கடலிலிருந்து வந்த ஒரு தோணிக்காரர், "ஐயா என்ன தேடுறியள்?" என்றார். "என்ரை மகளுக்கு இடம் பாக்கிறன்" என்றேன். "கலியாணத்துக்கோ?" என்று கேட்டார். "அதைவிடப் பெரிசு" என்றேன். அவர் வலையை உதறத் தொடங்கிவிட்டார். கரை முழுக்க நீ சொன்ன கடற்பாசிதான். ஒருவரும் தொடாமல் கிடக்கிறது.

உனக்கென்று கிழக்குப் பக்க அறையை வெள்ளையடித்துவிட்டோம். ஜன்னலுக்குக் கொளுக்கி போட்டாயிற்று. எந்த மாதம் வருவாய் என்று மட்டும் எழுது.

வழிபார்த்திருக்கும்,
பெரியப்பா தம்பிராசா


கண்டி
12.11.2023

அன்பான பெரியப்பாவுக்கு,

நலமா? நான் இருக்கிறேன்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் பிந்தினேன். கொம்பனி விலகிவிட்டது. இந்தியாவில் உரிமை கிடைக்காது என்று அவர்களின் வழக்கறிஞர்கள் எழுதிவிட்டார்கள். இதே செய்முறை ஏற்கனவே அச்சில் வந்திருக்கிறதாம். அச்சில் வந்துவிட்டால் அது எல்லோருக்கும் பொது, தனியாக ஒருவருக்கு உறுதி தர முடியாது. வாங்குகிற கொம்பனி இல்லாமல் இங்கே மட்டும் வழக்கறிஞர் செலவைப் பொறுக்கப் பல்கலைக்கழகத்துக்கு விருப்பமில்லை. இங்கே போட்ட விண்ணப்பத்தையும் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

என் வேலை மார்கழியோடு முடிகிறது. வேறு இடங்களில் கேட்டிருக்கிறேன்.

இதற்காக நீங்கள் மனம் வருந்தக் கூடாது. ஆராய்ச்சியில் இப்படி நடப்பதுதான். அறைக்கு வெள்ளையடித்தது நல்லது. விருந்தாளிகள் வந்தால் உதவும்.

நிவேதனா


சண்டிலிப்பாய்
26.11.2023

அன்புள்ள மகளுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனம் வரவில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். பெரியம்மா வந்து வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

யார் அவன்? உனக்கு முன்னால் அச்சில் போட்டவன் யார்? எந்தப் புத்தகம், எந்த ஊர்? நீ ராத்திரி பகலாகச் செய்ததை எங்கேயோ இருந்து எடுத்து எழுதிவிட்டு ஒருவன் நிம்மதியாகச் சாப்பிடுகிறானா? அவன் விலாசத்தை எனக்கு எழுது. இப்போது எனக்கு எழுதத் தெரியும். அவனுக்கு ஒரு கடிதம் போடுகிறேன். கெட்ட வார்த்தை எழுத ரீச்சர் படிப்பிக்கவில்லை, ஆனால் எழுத்துகள் எல்லாம் தெரியும், கூட்டினால் வரும்.

நாளைக்குக் கனிசியஸிடம் போகிறேன். அவர் கணனியில் எதையும் தேடி எடுப்பார். உன் கள்ளனையும் எடுப்பார். அதுவரை இந்தக் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

(பிறகு எழுதுவது)

கனிசியஸிடம் போனேன். நல்ல மனிதர். கோபத்தில் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கடற்பாசி, வினாகிரி, விதை வெங்காயம் என்று ஒவ்வொன்றாக அடித்துத் தேடினார். கள்ளன் அகப்படவில்லை, பிள்ளை. எப்படி மாற்றித் தேடினாலும் என்னுடைய பக்கம்தான் வந்தது. அக்காவின் கல்வெட்டு, பதினோராம் பக்கம். வேறு ஒன்றும் இல்லை.

"இன்னும் ஒருக்கால் தேடுங்கோ" என்றேன். தேடினார். அதுவே வந்தது.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அண்ணை, பிள்ளை விண்ணப்பம் போட்டது எப்ப?" என்று கேட்டார்.

"ஆவணி மட்டிலை."

"இது சித்திரை கடைசியெல்லோ..." என்றார். மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணீர் போடச் சொன்னார். சீனி கூடப் போடச் சொன்னார். திரும்பி வரும்போது சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு சந்தி வரை என்னோடு நடந்து வந்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். வாசிக்க வேண்டும்.

தம்பிராசா


குருநாகல்
18.02.2024

அன்பான பெரியப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தைப்பொங்கலுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நான் சுகம். இங்கே பால் பதனிடும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கலந்துதான் இருக்கிறது.

ரெலிபோன் எடுத்தால் நீங்கள் தோட்டத்தில் நிற்பதாகப் பெரியம்மா சொல்கிறார். எப்போது எடுத்தாலும் தோட்டத்தில்தான் நிற்கிறீர்கள். வகுப்புக்கும் போவதில்லையாம். ரீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டாராம், நீங்கள் கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டீர்களாம்.

பெரியப்பா, எனக்குக் கடிதம் வேண்டும். எதையும் எழுதுங்கள். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, பெரியம்மா என்ன சொல்லி ஏசினார், எதுவானாலும் சரி. நீங்கள் எழுதியது எதுவும் எனக்கு வேண்டாததாக இருந்ததில்லை. எதுவுமே.

என்றும் உங்கள்,
நிவேதனா


சண்டிலிப்பாய்
09.03.2025

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெரியம்மா சுகம். நானும் சுகம். ஒரு வருடத்துக்கு மேலாக எழுதவில்லை. கை சரியில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். கைக்கு ஒன்றும் இல்லை.

கனிசியஸிடம் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். "எடுக்கலாம் அண்ணை. ஆனால் இனி எடுத்தென்ன?" என்றார். எடுத்துவிட்டார்தான்.

நிற்க. வேறு ஒரு காரணத்துக்காக இதை எழுதுகிறேன். போன வெள்ளி மானிப்பாயில் பிலிப்புவின் உரக்கடைக்கு யூரியா வாங்கப் போனேன். தட்டில் புதிதாகப் பச்சைப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. படத்தில் ஒரு வெங்காயப் பிடி. "விதை வெங்காயம் முக்கிறது அண்ணை, இந்தியாவிலை இருந்து வருது. சனம் பறிபறியெண்டு பறிக்குது" என்றார் பிலிப்பு. நான் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தேன். உன்னுடைய தண்ணீர், பிள்ளை. எங்கள் கொட்டில் மணத்த அதே மணம்.

கடை வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து, போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். கடற்பாசிச் சாறு, பனை வினாகிரி என்று இருக்கிறது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று இருக்கிறது. கொம்பனியின் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. உன் பெயரைக் காணவில்லை. சின்ன எழுத்தில் இருக்குமென்று வெயிலில் பிடித்து வாசித்தேன். சிங்களமும் இங்கிலீசும் எனக்கு வராது. ஆகவே ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வகுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மற்ற இரண்டு பாஷையிலும் வாசித்துப் பார்த்தார்.

"இல்லை அண்ணை" என்றார்.

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் பார்த்திட்டன்."

அவரிடம் அழியாத மைப் பேனா ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். பிலிப்பு உரமூட்டை இறக்குவித்துக்கொண்டிருந்தார். ஒரு போத்தலை எடுத்துக் கடதாசியில் வெறுமையாக இருந்த இடத்தில் "நிவேதனா, சண்டிலிப்பாய்" என்று எழுதினேன். இடம் கொஞ்சம். எனக்கு எழுத்து பெரிது. ஆனாலும் கொள்ளச் செய்தேன். மூன்றாவது போத்தலில் எழுதும்போது பிலிப்பு கண்டுவிட்டார்.

"உதென்ன அண்ணை செய்யிறியள்? சாமானைக் கிறுக்கிப் பழுதாக்காதேங்கோ!"

"கிறுக்கேல்லை. பேர் எழுதிறன்."

"ஆற்றை பேர்?"

"செய்தவளின்ரை பேர்."

"செய்தது கொம்பனியெல்லோ? அதிலை போட்டிருக்கே, உங்களுக்கு வாசிக்கத் தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவருக்கும் நான் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நீயும் அதனால்தானே அது எந்தப் புத்தகம் என்று எனக்கு எழுதாமல் விட்டாய்.

எழுதியவற்றை நானே வாங்கவேண்டும் என்றார் பிலிப்பு. நியாயம்தான். கையிலிருந்த இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன். முதலாவது போத்தலை அவர் காணவில்லை. எழுதியவுடன் அதைப் பின்வரிசையில் வைத்துவிட்டேன். இன்றைக்கோ நாளைக்கோ யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போவார். அவர் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் பெரியப்பா,
தம்பிராசா